நாடகமும் ஆய்வேடும் ஒரே வேலை: டெல்டாவில் மாணவர் தயாரிப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒத்திகைக் கொட்டகையில் 11 பேர் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்று கிடையாது, வெறுங்கைதான். பாட்டு ஏற ஏற வரிசை பார்வையாளர் பக்கமாக முன்னே நகர்ந்து வந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. எதிர்க்கடை அக்காவின் மாமியார் டீ தம்ளர்களை எடுத்துப்போக வந்தவர், வாசல்படியிலேயே நின்று பார்த்தார். பாட்டு முடிந்ததும் என்னைக் கேட்டார்: "ஏந் தம்பி, நடவாளு பின்னுக்குல்ல போவா? முன்னுக்குப் போனா நட்ட பயிர மிதிச்சிக்கிட்டுல்ல போவணும்?"

எங்களில் பாதிப் பேர் பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்துப் பிள்ளைகள். வயலைப் பார்க்காமல் வளர்ந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மேடையென்று வந்ததும் உடம்பு எங்கேயோ படத்தில் பார்த்த நடவைத்தான் நட்டிருக்கிறது. அன்றைக்கே அசைவைத் திருப்பினோம். முகம் பார்வையாளரைப் பார்த்தபடி இருக்க, வரிசை ஒவ்வொரு எட்டாகப் பின்வாங்கிக் கடைசியில் இருட்டுக்குள் போய்விட்டது. குத்தகை நிலத்தை இழக்கும் பெண்களைப் பற்றிய நாடகம் அது. இரண்டு வாரமாக வசனத்தில் தேடிக்கொண்டிருந்தது அந்தப் பின்வாங்கலில் கிடைத்தது.

துணை இயக்குநராக இருந்த மாணவி, பாட்டி சொன்னதையும் அதற்குப் பின் நாங்கள் செய்ததையும் அன்றிரவே தேதி போட்டு அரைப் பக்கம் எழுதிவைத்திருந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து அவளுடைய ஆய்வேட்டில் மிக நல்ல அத்தியாயம் அந்த அரைப் பக்கத்திலிருந்து முளைத்தது. நடித்தவர்களுக்கு அப்படி ஒரு மாலை வந்ததே நினைவில்லை.

நாடகம் படிக்கும் மாணவர்கள் பலரும் தயாரிப்பை ஒரு பருவத்து வேலையாகவும் ஆய்வேட்டை இன்னொரு பருவத்து வேலையாகவும் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். நாடகம் முடிந்ததும் செட்டைக் கழற்றிவிட்டு, ஆய்வேட்டுக்கு வேறு ஒரு தலைப்பைத் தேடிப் போகிறார்கள். இரண்டும் ஒரே வேலை என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையில், காவிரி டெல்டாவில் இருந்துகொண்டு ஒரு மாணவர் குழு முதல் நாளிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கல்லூரி நாடகக் குழுக்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: கேள்வியைப் பிடியுங்கள்

"தஞ்சை மாவட்டக் கூத்துகள் - ஓர் ஆய்வு" என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. நடித்துப் பார்த்தால் மட்டும் விடை தெரியக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். புத்தகம் படித்தே விடை கிடைத்துவிடும் என்றால் அதற்கு மேடை எதற்கு?

ஓர் உதாரணத்தை விரித்துச் சொல்கிறேன். தஞ்சாவூரைச் சுற்றி ஒரே கதை மூன்று விதமாக உயிரோடு இருக்கிறது. மெலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாதன் கதை தெலுங்கில் ஆடப்படுகிறது. ஆண்களே பெண் வேடமும் கட்டுவார்கள். நரசிம்மரின் முகமூடி பூஜையில் இருப்பது. தஞ்சாவூர், ஒரத்தநாடு பக்கத்துச் சில கிராமங்களில் இதே கதை இரணியன் நாடகமாகத் தமிழில் விடிய விடிய நடக்கிறது. மூன்றாவதாக, பாரதிதாசன் 1930களில் எழுதிய ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ இருக்கிறது. அதில் இரணியன்தான் நாயகன், கதையின் நியாயமே தலைகீழாகிவிடுகிறது. முதல் இரண்டும் சாமி கும்பிடும் இடத்தில் நடப்பவை. மூன்றாவது, அந்தக் கும்பிடலையே கேள்வி கேட்க எழுந்தது.

இதில் ஒரு மாணவர் என்ன கேட்கலாம்? "மூன்றையும் ஒப்பிடுக" என்றால் அது வகுப்புக் கட்டுரை. "தூண் பிளக்கும் அந்த ஒரு கணத்தில் இரணியனாக நடிப்பவனின் உடம்பு மூன்றிலும் என்ன செய்கிறது? அந்த மூன்று உடம்பையும் ஒரே நடிகன் ஒரே மாலையில் ஏற்றால் பார்க்கிறவர் யார் பக்கம் சாய்வார்?" என்று கேட்டால் அது ஆய்வு. அதை நடித்துத்தான் பார்க்க வேண்டும். நடித்துவிட்டால் நாடகமும் கிடைத்துவிடும்.

1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் சே. இராமானுஜம், மு. இராமசாமி போன்றவர்கள் கற்பித்தார்கள். இராமானுஜம் யூரிப்பிடிஸின் டிராய்ப் பெண்களை ‘வெறியாட்டம்’ என்று தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தவர். கிரேக்கத்துப் பெண்களின் அழுகை நம் ஊர்ப் பெண்களின் வாயில் எப்படி ஒலிக்கும் என்பதைப் பாடவைத்துக் கேட்டால் ஒழிய யாரும் அறிய முடியாது. இந்த மாதிரிக் கேள்விதான் வேண்டும்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி ஒத்திகைக் கொட்டகைச் சுவரில் ஒட்டுங்கள். நடுவில் மாறினால் பழைய தாளைக் கிழிக்காமல் புதியதை அதன் மேல் ஒட்டுங்கள். எத்தனை தடவை, எந்தத் தேதியில் மாறியது என்பது பின்னால் தேவைப்படும்.

தலைப்பை முடிவு செய்யுமுன் ‘சோத்கங்கா’ ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேடுங்கள். நீங்கள் நினைத்ததை இன்னொருவர் முடித்திருந்தால் பதற வேண்டாம். அவர் மேடையேற்றிப் பார்த்தாரா என்று பாருங்கள். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்.

படி 2: பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள்

பல்கலைக்கழகத்துக்கு ஒரு காலண்டர், வயலுக்கு ஒரு காலண்டர். இரண்டும் பொருந்துவதில்லை. நிறைய நல்ல திட்டங்கள் இங்கேதான் முறிகின்றன.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்து, குறுவை, சம்பா, தாளடி என்று ஊர் வேலையில் இறங்கிவிட்டால் பகலில் யாரும் பேசக் கிடைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை; திறந்தவெளி நிகழ்ச்சியை நினைத்தே பார்க்க வேண்டாம். சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. அதற்குப் பிறகு வயல் காய்ந்து கிடக்கும், மாலையில் ஆட்களும் இருப்பார்கள். ஊரில் நாடகம் போட மாசி, பங்குனியை விட்டால் நல்ல காலம் கிடையாது.

திருவிழாக் கூத்துகளோ சித்திரை, வைகாசியில் வருகின்றன. அப்போது உங்களுக்குத் தேர்வு அல்லது விடுமுறை. அதனால் முதலாம் ஆண்டு முடிந்ததும் வரும் கோடையையே களப்பணிக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆய்வேடு கொடுக்க வேண்டிய வாரமும் அங்கே கூத்து நடக்கும் வாரமும் ஒன்றாக வந்து நிற்கும். இந்தத் தப்பை நானே செய்தேன். பார்க்க வேண்டிய கூத்தை நண்பன் செல்போனில் எடுத்து அனுப்பிய 40 நிமிடப் பதிவில்தான் பார்த்தேன். எட்டு மணி நேரக் கூத்து அது.

படி 3: ஏடும் ஆவணமும்

தஞ்சாவூரில் இருப்பதன் பெரிய பேறு சரஸ்வதி மகால் நூலகம். நாயக்கர், மராட்டியர் அவைகளில் எழுதப்பட்ட தெலுங்கு, மராத்தி, தமிழ் நாடகங்களின் சுவடிகள் அங்கே இருக்கின்றன. பல பதிப்பாகியும் உள்ளன. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இரண்டாம் சரபோஜி மீது பாடிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அந்தப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் வளாகத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். அந்த வெளியில் ஒரு குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை நின்ற இடத்திலேயே கணக்குப் போடலாம். மோடி என்னும் பழைய மராத்தி எழுத்து வடிவில் உள்ள மராட்டிய அரசின் ஆவணங்களைத் தமிழாக்கித் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. அரண்மனைச் செலவுக் கணக்குகளில் ஆட்டக்காரர், பாட்டுக்காரர் பற்றிய செய்திகளைத் தேட நல்ல இடம். பழைய நாடக அச்சுப் புத்தகங்களுக்குத் தமிழ் மின்னூலகம் உதவும்.

நூலகத்தில் இல்லாதவை வீடுகளில் கிடக்கின்றன. கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய நாடக நோட்டீசுகளைப் பெட்டிக்கு அடியில் விரித்து வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். "படிச்சிட்டுத் தர்றேன்" என்று வாங்கிப்போன ஆராய்ச்சிக்காரர்களைப் பற்றி இங்கே ஊருக்கு ஒரு கதை இருக்கிறது.

படி 4: களப்பணி

முதல் தடவை போகும்போது ரெக்கார்டரைக் கொண்டுபோகாதீர்கள். போய் உட்காருங்கள், டீ குடியுங்கள், யார் பேரன், எந்த ஊர் என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். களத்தில் முதல் பேட்டி உங்களுடையதுதான், கேட்பவர்கள் அவர்கள். இரண்டாம் தடவை பதிவு செய்யலாமா என்று கேளுங்கள். அந்தச் சம்மதத்தையும் பதிவிலேயே சொல்லவையுங்கள்.

கேள்விகள் சின்னதாகவும் கையில் பிடிக்கக் கூடியதாகவும் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை தென்னையைச் சாய்த்துப் போட்டது. அதைப் பற்றி நாடகம் செய்யப் போன ஒரு குழுவுடன் நானும் போயிருந்தேன். "அந்த இழப்பை எப்படி உணர்ந்தீங்க?" என்று ஒரு மாணவர் கேட்டார். பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு மாணவி கேட்டாள்: "அன்னிக்கு ராத்திரி எங்க படுத்திருந்தீங்க தாத்தா?" அவர் எழுந்து போய் இடத்தைக் காட்டினார். எந்தப் பக்கம் தலை வைத்திருந்தார், ஓடு எந்த மூலையிலிருந்து பறக்கத் தொடங்கியது, பேரனை எந்தக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார் என்று கையாலேயே வரைந்தார். அந்தக் கை அசைவுகளைத்தான் பிறகு மேடையில் வைத்தோம். வசனம் எழுதத் தேவைப்படவில்லை.

எந்தத் தெருவிலிருந்து ஊருக்குள் நுழைகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கோயில் தெருவில் மட்டும் பேட்டி எடுத்துவிட்டு "ஊர் மக்கள் சொன்னார்கள்" என்று எழுதாதீர்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்ட மண் இது. கூத்து யாருடையது, பறை யார் அடித்தது, யார் எங்கே நின்று பார்த்தார்கள், யாருக்கு உட்கார இடம் கிடைத்தது என்பதெல்லாம் நாடக ஆய்வின் கேள்விகள். ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது. ஊர், சேரி இரண்டு பக்கமும் போங்கள். யார் யாரிடம் பேசினோம் என்ற பட்டியலை வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, விடுபட்ட தெருவுக்கு அடுத்த வாரம் போங்கள்.

கற்றுக்கொடுத்தவருக்குப் பணம் கொடுங்கள். தாம்பூலத் தட்டில் வைத்து, குழு முழுவதும் நிற்க, கையில் கொடுங்கள். பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, இராசராசேசுவர நாடகம் ஆடிய சாந்திக்கூத்தனுக்கு நாளுக்கு ஒரு தூணி வீதம் ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று அளந்து சொல்கிறது. நாடகத்தின் பெயரும் ஆடியவர் பெயரும் கூலியும் ஒரே இடத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கல்வெட்டுக்குத் தெரிந்த மரியாதை நம் ஆய்வேடுகளுக்குத் தெரியாமல் இருக்கலாமா? ‘தகவலாளி 7’ என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. அவர் விரும்பினால் பெயரோடு, ‘ஆசிரியர்’ என்றே குறிப்பிடுங்கள். விரும்பாவிட்டால் மட்டும் மறையுங்கள்.

படி 5: பிரதியும் உரிமையும்

இன்னொருவர் எழுதிய நாடகத்தை எடுத்தால் உரிமையைப் பார்க்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை யாரும் கேட்காமல் எடுக்கலாம். மாயவரம் பக்கத்துப் புஞ்சையில் பிறந்து 2018இல் மறைந்த ந. முத்துசாமியின் நாடகங்களுக்கு அனுமதி வேண்டும். அரசு நாட்டுடைமையாக்கிய படைப்புகளுக்குத் தடை இல்லை. பாரதிதாசன் அதில் வருகிறார்.

கல்வி நிறுவனத்துக்கு ஒரு விலக்கு உண்டு. ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்ற நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் பார்த்தால் 52ஆம் பிரிவின்படி மீறல் ஆகாது. அதே நாடகத்தை ஊர்த் திடலுக்குக் கொண்டுபோனாலோ யூடியூபில் ஏற்றினாலோ இந்த விலக்கு கைகொடுக்காது. இதைத் தெரியாமல் நாடகம் முடிந்த மறுநாளே முழுப் பதிவையும் இணையத்தில் போட்டுவிட்டு, எழுத்தாளர் வீட்டிலிருந்து வந்த ஃபோனுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற குழுவை எனக்குத் தெரியும். கடிதம் எழுதிக் கேளுங்கள். மாணவர் என்றால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள்.

களத்திலிருந்து நீங்களே பிரதி செய்தால் பேட்டி கொடுத்தவரின் சொற்களைத் திருத்தாதீர்கள். "போவணும்" என்றவரைப் "போக வேண்டும்" என்று பேசவைத்தால் ஆளே மாறிவிடுவார்.

படி 6: ஒத்திகையும் குறிப்பேடும்

ஒரு மணி நேர நாடகத்துக்கு, தினம் 3 மணி நேரம் வீதம் குறைந்தது 40 ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 நாள் பிரதியைத் தொடாமல் களத்தில் பார்த்ததை உடம்புக்குக் கொண்டுவரும் வேலை. அடுத்த 20 நாள் காட்சிகள். கடைசி 10 நாள் முழு ஓட்டம். அதில் குறைந்தது இரண்டு நாள் ஒளி, ஒலி, உடையோடு.

குறிப்பேடு பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். எழுதுபவர் இயக்குநராகவோ நடிகராகவோ இருக்கக் கூடாது. நடந்துகொண்டிருப்பதைப் பார்க்க ஒரு ஆள் சும்மா இருந்தாக வேண்டும். இடப்பக்கம் அன்றைய திட்டத்தை ஒத்திகைக்கு முன்பே எழுதுங்கள். வலப்பக்கம் உண்மையில் நடந்ததை ஒத்திகை முடிந்த அரை மணிக்குள் எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கும் இடையே எங்கே விலகல் இருக்கிறதோ அங்கேதான் ஆய்வு இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன அந்த நாளின் பக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது. இடப்பக்கம்: "காட்சி 3, நடவு. வரிசை முன்னால் வர வேண்டும், கடைசி வரியில் மேடை விளிம்பு." வலப்பக்கம்: "பாட்டி (டீக்கடை) பார்த்தார். நடவாள் பின்னால்தான் போவாள் என்றார். திருப்பிப் பார்த்தோம். முதல் தடவை மூன்று பேர் இடித்துக்கொண்டார்கள். பின்னால் கண் இல்லாததால் பக்கத்து ஆளின் மூச்சைக் கேட்டு நகர வேண்டியிருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். மூன்றாம் தடவை பாட்டின் வேகம் தானாகக் குறைந்தது. கடைசியில் யாரும் பேசவில்லை. நாளைக்கு: பாட்டியை மறுபடி கூப்பிடணும்."

"நன்றாக இருந்தது", "உணர்ச்சிபூர்வமாக அமைந்தது" மாதிரி ஒரு சொல்கூட அந்தப் பக்கத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். இடித்துக்கொண்டார்கள், மூச்சைக் கேட்டார்கள், வேகம் குறைந்தது. கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். கருத்து எழுத வேண்டுமென்றால் அடுத்த நாள் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள்.

வீடியோ இருக்கிறதே, எழுதுவானேன் என்று கேட்பார்கள். 120 மணி நேரப் பதிவை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. வீடியோ எடுங்கள். நோட்டில் தேதியோடு கோப்பின் எண்ணைக் குறித்துவையுங்கள். நோட்டு வழி காட்டினால்தான் வீடியோ பயன்படும்.

ஒத்திகை நேரம் பற்றி மனம் வருந்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்த ஓரிடத்தில் மாணவியர் விடுதிக் கதவு மாலை 6 மணிக்கு மூடும். பையன்கள் இரவு 9 வரை ஒத்திகை பார்ப்பார்கள். சில வருஷங்களில் பெண் பாத்திரங்கள் தாமாகவே சின்னதாகிப்போயின. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, நேரம் அப்படிச் செய்தது. அதற்கு வழி: பருவம் தொடங்கும்போதே 40 நாள் அட்டவணையையும், யார் எத்தனை மணிக்கு யாருடன் விடுதிக்குத் திரும்புவார் என்பதையும் எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தோடு விடுதிக் காப்பாளரிடம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒட்டுமொத்தக் குழுவின் ஒத்திகையையும் காலை 6 மணிக்கு மாற்றுங்கள். பாத்திரத்தைக் குறைக்காதீர்கள்.

படி 7: மேடை, விளக்கு, மைக், பணம்

உடை, பொருள், செட் பற்றி நீட்ட மாட்டேன். ஊரில் இருக்கும் பொருள் போதும்: மரக்கால், முறம், சாக்கு, தார்ப்பாய், மூங்கில். கடன் வாங்கிய வீட்டின் பெயரை ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

மின்சாரத்தில் மட்டும் விளையாட வேண்டாம். 1000 வாட் ஹாலஜன் ஆறு எரிந்தால் 6 கிலோவாட். 230 வோல்ட்டில் 26 ஆம்பியர் இழுக்கும். ஊரில் யார் வீட்டு மீட்டரிலிருந்தும் அதை எடுக்கக் கூடாது. ஒன்று ஜெனரேட்டர் வையுங்கள், இல்லையென்றால் எல்.இ.டி. பார் விளக்குகளுக்கு மாறுங்கள். வாடகைக்கு எடுக்கும் சவுண்டு சர்வீஸ்காரரை ஒரு முழு ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காதவர் மௌனமான இடத்தில் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து ஏற்றிவிடுவார்.

திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குக் காவல் துறை அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. அதனால் 7 மணிக்குத் தொடங்கி 9க்குள் முடியுங்கள். நாடகப் பிரதியைக் காவல் துறையிடம் கொடுத்து முன் அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. யாராவது ‘ஸ்கிரிப்ட் கொடுங்க’ என்றால் பணிவோடு இதை எடுத்துச் சொல்லலாம்.

வரவு செலவில் சாப்பாட்டையும் பயணத்தையும் முதலில் எழுதுங்கள், பிறகு கலைஞர்களுக்கான தொகை, மிச்சம் இருந்தால் செட். இந்த வரிசை மாறினால் கடைசி வாரம் நடிகர்கள் பட்டினியோடு ஆடுவார்கள்.

படி 8: அரங்கேற்றமும் பார்வையாளரும்

முதல் காட்சி வளாகத்தில், இரண்டாவது ஊரில். வளாகத்தில் பார்க்கிறவர்கள் நண்பர்கள், கைதட்டுவார்கள். ஊரில் பாதியில் எழுந்து போவார்கள், குழந்தை அழும், நாய் மேடையில் ஏறும். எந்த இடத்தில் எழுந்தார்கள் என்பதைக் குறிக்க நான்கு மூலையிலும் ஒவ்வொருவரை உட்காரவையுங்கள். கருத்துப் படிவம் கொடுக்காதீர்கள். ‘அருமை’ என்று எழுதித் தருவார்கள். மறுநாள் காலை அதே ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால் உண்மை கிடைக்கும்.

மேடையை ஊரும் சேரியும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய பொது இடத்தில் போடுங்கள். பள்ளிக்கூட மைதானம் பெரும்பாலும் சரியாக இருக்கும். கோயில் வாசலில் போட்டுத்தருகிறோம், செலவும் எங்களுடையது என்று யாராவது சொன்னாலும், அங்கே யார் வர மாட்டார்கள் என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 9: ஆய்வேடு

நாடகம் முடிந்த ஏழாம் நாள் எழுத உட்காருங்கள். அதற்கு முன்னால் உடம்பு கேட்காது. அதற்குப் பின்னால் மறந்துபோகும். முதலில் குறிப்பேட்டை முழுதாக ஒரு தடவை படித்து, சுவரில் ஒட்டிய கேள்வித் தாள்களையும் பக்கத்தில் வையுங்கள். கேள்வி மாறிய ஒவ்வொரு இடமும் ஓர் அத்தியாயத்துக்கான வித்து.

"நாடகத்தின் தோற்றமும் வளர்ச்சியும்" என்று தொல்காப்பியத்திலிருந்து தொடங்கி 80 பக்கம் எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்கள் கேள்விக்குத் தேவையான வரலாறு 15 பக்கத்தில் அடங்கும். மூன்று அத்தியாயம் ஒத்திகையிலிருந்து வரட்டும். தோற்றுப்போன முயற்சிகளையும் எழுதுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. உங்கள் ஒத்திகையை நீங்களே எழுதும்போது அந்தக் கவலையே வராது.

வாய்மொழித் தேர்வில் "இது அனுபவக் குறிப்பு, ஆய்வா?" என்று கேட்கக்கூடும். குறிப்பேட்டைக் கையில் கொண்டுபோங்கள். திட்டமிட்டது இடப்பக்கம், நடந்தது வலப்பக்கம், வீடியோ எண் ஓரத்தில் என்று விரித்துக் காட்டுங்கள். ஆய்வுக்கூடத்து வேதியியல் மாணவரும் இதைத்தான் கொண்டுவருவார்.

படி 10: திருப்பிக் கொடுப்பது

பதிவுகளை மூன்று இடத்தில் வையுங்கள்: துறை நூலகம், உங்கள் வன்தட்டு, ஊர். ஊருக்குக் கொடுப்பதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் டி.வி.யில் சொருகிப் பார்த்துக்கொள்வார்கள். ஆய்வேட்டில் அவர்களைப் பற்றி எழுதிய பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுங்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்றால் அங்கேயே திருத்துங்கள். அதற்காகவே ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் இதைச் செய்ய வேண்டும்.

குறிப்பேட்டைத் துறையில் விட்டுவிட்டுப் போங்கள். ஜெராக்ஸ் உங்களுக்கு, அசல் அடுத்த அணிக்கு. அந்த நடவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாணவி ஒரு வரி எழுதிவைத்திருந்தாள்: "களை எடுக்கும்போது முன்னாலா பின்னாலா? பாட்டியைக் கேட்கணும்." அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, சர்க்கரை இல்லாத டீ சொல்லிக்கொண்டு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தார்கள்.